அம்மாவுக்கு அறுபது, கப்பலில் ‘ஒயிட் நைட்’

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் இரண்டு இரவுக் கப்பல் பயணத்துக்கு நாங்கள் 11 பேர், நான்கு அறைகள் பதிவு செய்திருக்கிறோம். இரண்டாம் நாள் மாலை கப்பலில் ‘ஒயிட் நைட்’, எல்லோரும் வெள்ளையில் வர வேண்டுமாம். அன்றுதான் அம்மாவுக்கு 60 வயது நிறைகிறது. அப்பா தவறி மூன்று வருஷம் ஆகிறது. ‘பொறந்த நாளும் அதுவுமா வெள்ளைப் புடவையா?’ என்று அத்தை கோபித்துக்கொள்கிறார். வண்ணாரப்பேட்டையில் வழக்கமாக வாங்கும் பேக்கரியிலிருந்து கேக் எடுத்துப் போகலாமா? அறையில் சீரியல் லைட்டும் பலூனும் கட்டலாமா? முதல் நாள் ராத்திரி 12 மணிக்கு மேல்தளத்தில் கேக் வெட்டி அம்மாவை அசத்த நினைக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது. முன்கூட்டி என்னென்ன செய்ய வேண்டும்?”

புடவையிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் ஏற்பாடு, பார்த்துக்கொள்ளலாம். இது மனசு சம்பந்தப்பட்டது.

அத்தை சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். கணவரை இழந்தவர்களுக்கு வெள்ளையைக் கட்டாயமாகச் சுற்றிவிட்ட காலத்தைக் கண்ணால் பார்த்த தலைமுறை அவர். நல்ல நாளில் அண்ணிக்கு அந்த நிறம் வேண்டாம் என்று நினைப்பது பாசம்தான். கப்பலில் தீம் உடை கட்டாயமும் இல்லை. பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் இரவு நேரத்தில் அரைக்கால் டிரவுசர், கையில்லாத பனியன், நீச்சல் உடை, ரப்பர் செருப்பு போட்டு வந்தால் நிறுத்துவார்கள். வேறு நிறத்தில் வந்ததற்காக யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

என் யோசனை இது. மற்ற பத்துப் பேரும் வெள்ளையில் வாருங்கள். அம்மா மட்டும் அவருக்குப் பிடித்த நிறத்தில் வரட்டும்: அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, எதுவானாலும். மொத்தக் கப்பலும் வெண்மையாக நிற்கும் இடத்தில், இன்றைக்கு யாருக்குப் பிறந்தநாள் என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது. குடும்பப் படத்திலும் பார்த்தவுடன் அம்மாதான் கண்ணில் படுவார். ஆனால் அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். “நானும் உங்களோட வெள்ளையிலயே வரேன்” என்று அவர் சொன்னால் அகலமான சிவப்புக் கரையோ ஜரிகைக் கரையோ போட்ட சந்தன நிறப் புடவை எடுங்கள். அத்தைக்கும் மனசு ஆறும், தீமும் கெடாது.

ஆண்களுக்கு வெள்ளைச் சட்டை, வேட்டியை மிஞ்சி ஒன்றும் இல்லை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகளில் ஒரே நடையில் எல்லோருக்கும் எடுத்துவிடலாம். சாதாரண வேட்டி வேண்டாம், ஒட்டிக்கோ வேட்டியாக வாங்குங்கள். கப்பல் 16 நாட் (மணிக்கு 16 கடல் மைல்) வேகத்தில் போகிறது என்றால் காற்றே இல்லாத நாளிலும் மேல்தளத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் காற்று முகத்தில் அடிக்கும். எதிர்க்காற்று இருந்தால் அதற்கும் மேலே. உள்ளே முழங்கால்வரை டிரவுசர் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். புடவைக்கு முந்தானையிலும் கொசுவத்திலும் கூடுதலாக இரண்டு பின். நீச்சல் குளத்தைச் சுற்றி ஈரமாக இருக்கும் என்பதால் பெரியவர்களுக்கு வார் வைத்த, பிடிப்புள்ள செருப்பு போதும்.

அந்தக் காற்றுதான் 12 மணித் திட்டத்துக்கும் முதல் எதிரி. மேல்தளத்தில் கேக் பெட்டியைத் திறந்த நிமிஷமே க்ரீம் ஒரு பக்கமாகச் சாயும், பேப்பர் தட்டு பறக்கும், உப்புக் காற்று பட்டு மேலே பிசுபிசுக்கும். முதல் நாள் காலையிலிருந்து பரிசோதனை வரிசையில் நின்று களைத்த அம்மாவை நடுராத்திரி எழுப்பிக் காற்றில் நிறுத்துவது அவருக்குச் சந்தோஷமாக இருக்காது. அறைக்குள் வெட்டலாம் என்றால் நடுவில் இருப்பது மெல்லிய தடுப்புச் சுவர். நீங்கள் பாடும் பாட்டு பக்கத்து அறைக் கட்டில்வரை கேட்கும், புகாரும் வரும்.

பிறந்தநாளை இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டு மேஜைக்கு மாற்றுங்கள். அங்கே காற்று இல்லை, வெளிச்சம் இருக்கிறது, தட்டும் கத்தியும் பரிமாறுபவரும் கூடவே இருக்கிறார்கள். எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். ஒயிட் நைட்டின் மேல்தளக் கொண்டாட்டம் பெரும்பாலும் இரவு 10 மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். அதற்குள் கேக் வெட்டி, சாப்பிட்டு, அம்மாவை ஒரு அரை மணி நேரம் மேலே அழைத்துப்போய் ஆட்டத்தைப் பார்க்கவைத்துக் கூட்டிவந்துவிடலாம். இளசுகள் அங்கேயே இருக்கட்டும்.

பெரும்பாலான கப்பல்களில் இரவுச் சாப்பாடு இரண்டு பந்தி: ஒன்று ஏழு மணியை ஒட்டி, இன்னொன்று ஒன்பது மணியை ஒட்டி. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு ஒன்பது மணிப் பந்தி சரிப்படாது. சூப், முன்பதார்த்தம், சாப்பாடு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்வதற்குள் பத்தாகிவிடும். முதல் பந்தியை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நான்கு அறைக்கும் தனித்தனிப் பதிவு எண் இருந்தால் கணினி உங்களை நான்கு குடும்பமாகத்தான் பார்க்கும். அண்ணன் குடும்பம் முதல் பந்தியில், நீங்கள் இரண்டாம் பந்தியில் என்று பிரித்துப் போட்டுவிடும். நான்கு எண்ணையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி, ‘இவற்றை ஒரே குழுவாக இணையுங்கள், ஒரே பந்தி, பக்கத்துப் பக்கத்து மேஜை’ என்று கேளுங்கள். வட்ட மேஜையில் 8 அல்லது 10 பேர்தான் உட்கார முடியும் என்பதால் உங்களுக்கு இரண்டு மேஜை வரும். அம்மாவின் நாற்காலி இரண்டு மேஜைக்கும் நடுவில், முதுகு சுவர்ப்பக்கமாக இருக்கட்டும். கேக்கோடு வருபவர்களுக்கு எதிரில் இடம் கிடைக்கும், படம் எடுப்பவருக்கும் வசதி.

இனி கேக். வண்ணாரப்பேட்டை கேக்கை மறந்துவிடுங்கள். வெளியில் செய்த உணவைக் கப்பல்கள் ஏற்றுவதில்லை. ஆயிரக்கணக்கான பேர் மூடிய இடத்தில் ஒன்றாக இருக்கும்போது கெட்டுப்போன ஒரு பண்டம் வயிற்றுப்போக்கைக் கிளப்பினால் இரண்டே நாளில் தளம் தளமாகப் பரவிவிடும். ஸ்கேன் செய்யும் இடத்திலேயே பெட்டியை வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டில் கிளறிய கேசரிக்கும் அதே கதிதான். குழந்தைகளுக்குக் கொடுக்க, கம்பெனி சீல் பிரிக்காத சாக்லேட் பாக்கெட்டுகள் பொதுவாகப் போகும்.

கப்பல் சமையல்கட்டிலேயே கேக் செய்து தருவார்கள். கிளம்புவதற்குக் குறைந்தது மூன்று நாளுக்கு முன்னால், ஒரு வாரம் என்றால் நிம்மதியாக, எழுதிக் கேளுங்கள். கடலுக்குப் போன பிறகு கடைக்கு ஆள் அனுப்ப முடியாது, இருக்கும் சரக்கில்தான் செய்வார்கள். எத்தனை கிலோ, முட்டை உண்டா இல்லையா, எந்தச் சுவை, மேலே என்ன எழுத வேண்டும், எந்த நாள், எந்தப் பந்தி, எந்த மேஜை, விலை எவ்வளவு: எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு கிலோ கேக் 10 முதல் 12 துண்டு வரும். முழுச் சாப்பாட்டுக்கு மேலே சாப்பிடுவதால் 11 பேருக்கு ஒரு கிலோ தாராளம். பரிமாறியவர்களுக்கும் பக்கத்து மேஜைக்கும் கொடுக்க ஆசைப்பட்டால் ஒன்றரை கிலோ. தமிழில் எழுத வேண்டுமென்றால் எழுத்துகளைப் பெரிதாக அச்சடித்த தாளை மின்னஞ்சலோடு இணையுங்கள். தமிழ் தெரியாத சமையல்காரர் அதைப் பார்த்து வரைவார். ‘அம்மா 60’ போன்ற சின்ன வாசகம்தான் பிழையில்லாமல் வரும். நான்கு வரி வாழ்த்து எழுதச் சொன்னால் ‘ழ’கரமும் துணைக்காலும் எங்கெங்கோ போய்விடும்.

இன்னொன்று, நம் வீட்டுப் பெரியவர்களுக்கே உரிய சிக்கல். ஆதாரில் இருக்கும் பிறந்த தேதியும் உண்மையான பிறந்தநாளும் பலருக்கு வேறுவேறு. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி அப்படியே தங்கிவிட்டிருக்கும். கப்பலில் உங்கள் விவரம் அடையாள அட்டையை வைத்துத்தான் ஏறும். பிறந்தநாள்காரருக்கான சலுகையோ சின்ன இலவச கேக்கோ இருந்தால் அந்தத் தேதியைத்தான் பார்ப்பார்கள். அம்மாவுக்கு அப்படி இருந்தால் ‘குடும்ப விசேஷம், 60 நிறைவு’ என்று எழுதி, காசு கொடுத்தே ஆர்டர் செய்துவிடுங்கள். மேஜை முன்னால் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

‘சுகர் ஃப்ரீ’ என்று தனி கேக் சொல்ல வேண்டுமா என்றும் யோசிப்பீர்கள். அதிலும் மைதா இருக்கிறது, அதுவும் சர்க்கரையாகத்தான் ரத்தத்தில் சேரும். சாதாரண கேக்கிலேயே தீப்பெட்டி அளவு ஒரு துண்டு அம்மாவுக்கு, அன்று சாதத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. அவருடைய டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மெழுகுவத்தி, பொறி பறக்கும் கேக் பட்டாசு, ஸ்னோ ஸ்ப்ரே, பார்ட்டி பாப்பர் எதையும் பையில் வைக்காதீர்கள். கடலில் தீ பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது, ஓடி வெளியே நிற்கவும் இடம் கிடையாது. அதனால்தான் அவ்வளவு கண்டிப்பு. கற்பூரம், ஊதுபத்தி, விளக்குத்திரி எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். அறைக் கூரையில் இருக்கும் புகை உணரிக்குச் சாம்பிராணி எது, தீ எது என்று தெரியாது. ஆலம் சுற்ற வேண்டுமென்றால் கிளம்பும் அன்று காலையில் வீட்டு வாசலிலேயே, கற்பூரத்தோடு முறையாகச் சுற்றிவிட்டு வாருங்கள். கேக்குக்கு பேட்டரியில் எரியும் குட்டி விளக்கும், அட்டையில் வெட்டிய ‘60’ம் போதும்.

சீரியல் லைட்டிலும் பிளக்கில் சொருகுவது கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலும் சர்ஜ் புரொடக்டர் (திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் அமைப்பு) உள்ளது, இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில் மூன்றையும் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். கப்பல் மின்சாரத்தில் நம் வீட்டைப் போல நியூட்ரல் கம்பியைத் தரையோடு இணைப்பதில்லை. வீட்டுக்கென்று செய்த சர்ஜ் பாக்ஸ் அங்கே சூடாகித் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. பென் டார்ச் பேட்டரியில் எரியும் விளக்குச் சரம் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறையின் சுவரும் கதவும் பெரும்பாலும் இரும்புத் தகடு, அதனால் செல்லோடேப்பே வேண்டாம். டேப் பெயின்டை உரித்தால் உங்கள் கணக்கில் ஏறும். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் பத்து, கொக்கி வைத்த காந்தம் நாலு இருந்தால் தோரணம், படங்கள், விளக்குச் சரம் எல்லாம் நிற்கும். பாரிமுனை ரசப்பா செட்டித் தெருவில் ஒரு சுற்று வந்தால் எல்லாமே கிடைக்கும். அறையைப் பார்த்துக்கொள்பவரிடம் மாட்டும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நடைபாதையில் கதவுக்கு வெளியே எதுவும் தொங்கக் கூடாது, இருட்டில் தப்பி ஓடும் வழி அது.

பலூன் அறைக்குள் மட்டும், வாயால் ஊதியது மட்டும். குழாய் வைத்து ஊதும் ‘6’, ‘0’ ஃபாயில் பலூன் அழகாக இருக்கும், மடித்தால் கைக்குட்டை அளவுதான். மேல்தளத்துக்கு ஒன்றைக்கூட எடுத்துப் போகாதீர்கள். பிளாஸ்டிக் எதையும் கப்பலிலிருந்து கடலில் விடக் கூடாது என்பது மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் விதி. ஜனவரியிலிருந்து மார்ச் வரை நம் சென்னைக் கரைக்கு முட்டையிட வரும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் மிதக்கும் பிளாஸ்டிக்கை இழுதுமீன் என்று நினைத்து விழுங்கிவிடுகின்றன. காசிமேட்டுக் கரையைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பூ. அம்மாவுக்கு இஷ்டம் என்றால் இதில் கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் ஏறும் நேரத்துக்கும் விசேஷத்துக்கும் நடுவில் முப்பது மணி நேரம் இருக்கிறது. அன்று காலை பூக்கடையில் கட்டிய சரம் வாங்காமல், இறுக்கமாக மூடிய, காம்பில் பச்சை தெரியும் மல்லி மொட்டு வாங்கி நீங்களே தொடுங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், தெளித்தால் இதழ் பழுப்பாகும். வாழை இலையில் சுற்றி, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியை அதன்மேல் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வைத்து அறையின் குட்டி ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். மறுநாள் ஐந்து மணிக்கு வெளியே எடுத்தால் சாப்பாட்டு நேரத்துக்கு விரியத் தொடங்கும். எதற்கும் இரண்டு முழம் கனகாம்பரம் இருக்கட்டும். வாசனை இல்லாவிட்டாலும் அது சீக்கிரம் வாடாது. வழியில் இலங்கைத் துறைமுகம் ஏதும் வருகிறதென்றால் பூவோடு கரை இறங்க வேண்டாம்.

கிளம்பும் நாளில் தண்டையார்பேட்டையிலிருந்து துறைமுகம் பக்கம்தானே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். காசிமேட்டு வழியாக வந்தால் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள். கல்மண்டபம் வழியாக ராஜாஜி சாலைக்கு வந்து, டிக்கெட்டில் போட்டிருக்கும் கேட்டுக்குப் போங்கள். ஒதுக்கிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள்.

பெரிய பெட்டிகளை வாசலிலேயே சீட்டுக் கட்டி வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேர மூன்று, நான்கு மணி நேரம்கூட ஆகும். அதனால் அம்மாவின் மருந்து, இன்சுலின், டாக்டர் சீட்டு, நகை, பூ டப்பா எல்லாம் கைப்பையில். தீம் உடையும் அதில்தான் போக வேண்டும். இரண்டாம் நாள் என்று சொன்ன ஒயிட் நைட்டை, மறுநாள் வானிலை சரியில்லை என்றால் முதல் நாளுக்கே மாற்றிவிடுவதும் உண்டு. பெட்டி வரும்வரை பச்சைச் சட்டையோடு நிற்க வேண்டியிருக்கும். துணியைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து, மடிப்புக்குள் வெள்ளைத் தாளை வைத்துச் சுருட்டுங்கள். கசங்கினால் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில் பத்து நிமிஷம் மாட்டி வைத்தால் போதும்.

ஏறியவுடன் அவசரகாலப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்த பிறகு, கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனோ எல்லோருக்கும் இந்தப் பயிற்சி நடந்தாக வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். அம்மாவையும் கூட்டிப்போங்கள். அறையை அலங்கரிக்க ஒருவரை விட்டுவிட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள், ஆளை எண்ணுவார்கள். அலங்காரத்துக்கு இரண்டாம் நாள் மத்தியானம், அம்மா சாப்பிடப் போகும் நேரம் சரியாக இருக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பயணம் என்றால் வங்காள விரிகுடா ஆடும். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கும் அறையை அம்மாவுக்குக் கொடுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. வாந்தி மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டால் அது உடம்பில் தங்காது. எதை, எப்போது என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிலவற்றில் தூக்கம் சொக்கும், கேக் வெட்டும் நேரத்தில் அம்மா கொட்டாவி விடுவார்.

வராத சொந்தக்காரர்களின் வாழ்த்தை வீடியோகாலில் காட்டலாம் என்ற நினைப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். கரை மறைந்த பிறகு செல்போன் சிக்னல் போய்விடும். அதன்பின் போன் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்தால் பில் எகிறும், ஏர்பிளேன் மோடில் போட்டுவிடச் சொல்லுங்கள். ஆளுக்கு இருபது விநாடி என்று முன்கூட்டியே பதிவு செய்து வாங்கி, ஒரே கோப்பாக்கி டேப்லெட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். அம்மாவின் காலத்துப் பாட்டு ஒன்றை மேல்தளத்தில் போடவைக்க விருப்பம் என்றால் அதையும் பென் டிரைவில் எடுத்துப் போய், மாலை ஆறு மணிக்குள் வரவேற்பு மேஜையில் கொடுத்துவிடுங்கள். நடுக்கடலில் டி.ஜே.வால் தேடி இறக்க முடியாமல் போகலாம்.

குடும்பப் படத்தைச் சாப்பாட்டுக்கு முன், சூரியன் மறையும் நேரத்தில் எடுங்கள். கப்பல் தெற்கே போகிறது என்றால் சூரியன் வலது பக்கம் இறங்கும், மறைவதற்கு முன்பே அங்கே இடம் பிடிக்க வேண்டும். வெள்ளை உடை நிறைந்தால் போன் கேமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்துத் தானாகக் குறைத்துவிடும், நம் மாநிற முகங்கள் கறுத்துப்போகும். திரையில் அம்மாவின் முகத்தை விரலால் தொட்டுவிட்டு எடுங்கள்.

கடைசி இரவில் ஒரு விஷயம். பெரிய பெட்டிகளை நள்ளிரவுக்குள் அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். ஆட்டம் முடிந்து வந்து தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றையும் பெட்டிக்குள் திணித்து அனுப்பிவிட்டு, காலையில் மாற்றுத் துணியும் செருப்பும் இல்லாமல் விழிப்பவர்கள் ஏராளம். அம்மாவின் காலை மாத்திரையும் அதோடு போய்விடும். சாயங்காலம் உடை மாற்றும்போதே, மறுநாள் போட்டுக்கொள்ள ஒரு செட் துணியை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு மிச்சத்தைப் பெட்டியில் மூடிவிடுங்கள்.

மீந்த கேக்கை அறைக்கு எடுத்து வராதீர்கள். குட்டி ஃபிரிட்ஜின் குளிர் க்ரீமுக்குப் போதாது. பரிமாறியவரிடமே கொடுத்து, மேஜை எண்ணை எழுதிச் சமையல்கட்டுக் குளிரறையில் வைக்கச் சொல்லுங்கள். காலைப் பலகாரத்தின்போது இட்லிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார்கள்.